பொறுப்போடு எழுதிய வெற்றிக்கதை

ஓசூரில் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில், 'ஏஐயைப் பொறுப்போடு பயன்படுத்துவோம்' என்று ஒருநாள் பயிற்சி நடத்தி, பிரியாணியும் போட்டார்கள். மறுவாரமே எங்கள் மேலாளர், நாங்கள் ஆடு கொடுத்த நாட்றாம்பாளையத்து அக்காவின் வெற்றிக்கதையை ஏஐயிடம் எழுதி வாங்கினார். நன்கொடையாளர்கள் உருக வேண்டுமாம்.

அது அக்காவின் கணவரைச் சாகடித்து, அக்காவை நெல் வயலில் அழவிட்டது. அந்த ஊரில் விளைவது ராகி. யாரும் சரிபார்க்கவில்லை, நானும்தான். பெயரை மட்டும் மாற்றினோம். பயிற்சியில் கற்ற பொறுப்பு அவ்வளவுதான்.

ஆண்டு விழாவில் மேலாளர் அதைத் தழுதழுத்து வாசித்தார். கணவரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பாவங்க சார், யாரு அந்தம்மா? எனக்குக் குடுத்தாப்பல அவங்களுக்கும் ரெண்டு ஆடு குடுத்துடுங்க."