கைதட்டலுக்காக எழுதிய கடைசி வரி

எனக்கு முதல் வேலை கிடைத்தது நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில். இரண்டாவது உலக யுத்தம் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. வேலணையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வள்ளத்தில் போய் இறங்கியபோது, உலகத்தில் எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை என்ற நினைப்பு இருந்தது. கடல் மட்டும் பயம். தீவுப்பகுதியில் பிறந்தவன் இதை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தது பயத்தைப் பற்றி என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதங்களில் பர்மாவிலிருந்து வரும் கப்பல் அரிசி குறையத் தொடங்கியது. பிள்ளைகள் பர்மா எங்கே இருக்கிறது, யப்பான்காரன் ஏன் சண்டை பிடிக்கிறான் என்று கேட்டார்கள். எங்கள் தலைமை ஆசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் உலக நடப்பைப் பேசப் பழகவேண்டும், வெளியில் என்னென்ன உத்தியோகம் உண்டு என்றும் அறியவேண்டும். ஆகவே ஒரே நாளில் காலையில் பேச்சுப் போட்டி, மத்தியானத்துக்குப் பிறகு உத்தியோகக் காட்சி. ஊர்காவற்றுறையிலிருந்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஒரு அப்போதிக்கரி, ஒரு தபால் கந்தோர்க்காரர், ஆசிரியர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒருவர், பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற ஒருவர் என்று நாலு பேர் வருவதாக ஏற்பாடு. பூவரச மரத்தடியில் அவர்களுக்கு நாலு மேசை, நாலு கதிரை.

பேச்சுத் தலைப்பை நான்தான் கொடுத்தேன்: ‘இந்த யுத்தம் எங்களுக்கும் உரியதா?’ உரியது என்று பேசும் பக்கம் சீட்டுக் குலுக்கலில் ஒரு பெரிய பெடியனுக்கு விழுந்தது. பெடியன் என்று சொல்கிறேனே தவிர, அவனுக்குப் பதினெட்டு வயது. மாடு மேய்த்ததில் போன வருஷங்கள் போக மிச்சத்தில்தான் எட்டாம் வகுப்புவரை வந்திருந்தான். நல்ல குரல். சொந்தமாக நாலு வசனம் எழுத வராது. நான் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எனக்கே மயிர் கூச்செறிந்தது. கடைசி வரியை இப்படி முடித்தேன்: ‘இந்தச் சபை சாட்சியாகச் சொல்கிறேன், அழைப்பு வந்தால் நாளைக்கே புறப்படுவேன்!’

பழகும்போதெல்லாம் அவன் அந்த வரிக்கு முன்னால் நின்றுவிடுவான்.

“இதையும் சொல்லோணுமோ வாத்தியார்?”

“அதுதான் கைதட்டல் வாங்கிற இடம். அதை விட்டிட்டு என்னத்தைப் பேசப்போறீர்?” என்று நான் எரிந்து விழுந்தேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

அந்தத் தீவில் மாடுகள் தரவை என்கிற பரந்த புல்வெளியில் கலந்து மேயும். கன்றுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டால் பொலிசுக்குப் போகமாட்டார்கள், கடதாசி எழுதமாட்டார்கள். கோயிலடியில் பின்னேரம் ஊர் கூடும். இருவரில் ஒருவர் எழுந்து ‘சபை சாட்சி, அது என்னுடையதில்லை’ என்பார். அத்தோடு முடிந்தது. பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. அப்படி மாற்றியவன் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். இதையெல்லாம் நான் கேள்விப்பட்டிருந்தேன். வேடிக்கையாகக் கேட்டுவிட்டு, நல்ல வார்த்தை அகப்பட்டதென்று பேச்சுக்குள் வைத்தேன்.

போட்டியன்று ஊர் முழுக்க வந்திருந்தது. பெடியன் அருமையாகப் பேசினான். கடைசி வரிக்கு முன் நின்றான். நான் பக்கத்திலிருந்து வாயசைத்துக் காட்டினேன். சொன்னான்.

ஒருவரும் கை தட்டவில்லை. விளங்கவில்லையாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்வரிசையில் அவனுடைய தகப்பன் எழுந்து, தோளிலிருந்த சால்வையை இடுப்பில் கட்டி, சபையைப் பார்த்துக் கும்பிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து தாயின் குரல் ஒன்று வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாத ஒரு சத்தம். பட்டாளத்துக்காரர் மட்டும் தனியே கை தட்டினார்.

தலைமை ஆசிரியர் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். “என்ன எழுதிக் குடுத்தனீர்? சபை சாட்சியெண்டு சொல்ல வைச்சிருக்கிறீர். இனி அவனை ஆர் மறிக்கிறது?”

அப்போதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. மத்தியானம் அவன் மற்ற மூன்று மேசைகளையும் திரும்பிப் பார்க்காமல் நாலாவது மேசைக்குப் போய்க் கையெழுத்து வைத்தான். நான் பட்டாளத்துக்காரரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர். “இதிலை கட்டாயமில்லை. நாளைக்கில்லை, நாளையிண்டைக்குக் காலமை வள்ளத்துக்கு அவன் வரேல்லையெண்டால் நான் தேடமாட்டன்” என்றார். சட்டம் பிடித்து வைத்திருந்தால் சட்டத்தோடு சண்டை பிடித்திருக்கலாம். அவனைப் பிடித்து வைத்திருந்தது என் வாக்கியம்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். தகப்பன் கிணற்றடியில் மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அது அவன்ரை சொல்லில்லை. நான் எழுதிக் குடுத்தது.”

வாளியை ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. “அப்பிடியோ? அப்ப நல்லதாப் போச்சு. பின்னேரம் கோயிலடிக்கு வாரும். எல்லாரையும் வரச் சொல்லுறன். அந்தச் சொல் என்ரை எண்டு நீர் சபையிலை சொல்லும். அவன் ஊரிலை நிப்பான்.”

“பிறகு?”

“பிறகென்ன? சொல் உம்மடையெண்டால் நீர் போறீர்.”

கடலைத் தாண்டி, முகம் தெரியாத ஊரில், தலைக்கு மேலே விமானம் பறக்க நான் நிற்பதை ஒரு கணம் கண்டேன். வெயில் என்று சொல்லி, அவர்கள் சமைக்கிற குசினி வாசலில் ஒதுங்கினேன். தாய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து தந்தா. அவவின் கண் வீங்கியிருந்தது.

“வருவீர்தானே தம்பி?”

“ஓம் அக்கா. வாறன்” என்றேன்.

வரத்தான் நினைத்தேன். இதை நம்பச் சொல்லி யாரையும் கேட்கமாட்டேன். வெயில் தணிய வேட்டி மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். கோயிலுக்கு இந்தப் பக்கம் கல்வேலி ஒன்று, மார்பளவு உயரம். அதற்கு இப்பால் நின்று பார்த்தேன். முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். தாய் பாதையைப் பார்த்தபடி நின்றா. பெடியன் சும்மா இருக்க முடியாமல் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். இருபது அடி நடந்தால் போதும். நான் குனிந்து வேலியோடு குந்தியிருந்துவிட்டேன். ஒருமுறை எழும்பினேன். திரும்பவும் குந்தினேன். யாராவது என்னைக் கண்டு கூப்பிட்டால் போய்விடுவேன் என்று நினைத்தேன், கூப்பிட்டுவிடுவார்களோ என்றும் நடுங்கினேன். அவர்கள் எழுந்து கலையும்வரை நான் அங்கேதான் இருந்தேன்.

அவன் செத்துப்போகவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. திருகோணமலைக்கு அனுப்பினார்கள், அங்கே குண்டு விழுந்தது. எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த எட்டு நாளும் நான் தபால்காரனைக் கண்டால் மறுபக்கம் நடந்தேன். யுத்தம் முடிந்து, இடது காது கேளாமல் திரும்பி வந்து பழையபடி மாடு வளர்த்தான். எங்கே கண்டாலும் நின்று கதைப்பான். கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொள்வான். அதைத் தாங்குவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் இன்றுவரை எனக்குப் பயம் விடாமல் இருப்பது வள்ளம் புறப்பட்ட அன்று காலை நடந்ததால்தான். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், தலைமை ஆசிரியர் விடவில்லை. முழுப் பள்ளிக்கூடமும் துறைக்கு வந்தது. பெடியன் என்னைக் கும்பிட்டுவிட்டு ஏறினான். தாய் என் பக்கம் திரும்பவில்லை. தகப்பன் நேரே என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அண்ணை, நேற்று நான்...” என்று தொடங்கினேன்.

“அதுக்கென்ன வாத்தியார்” என்றார். என்னைத் தேற்றுகிற குரல். “வாறனெண்டு நீர் குசினி வாசலிலை ஒரு பொம்பிளைக்குச் சொன்னதுதானே. சபையிலை சொல்லேல்லை. உம்மிலை ஒரு பிழையுமில்லை.”