வெள்ளையம்மா அண்ணியின் தலைக்குப் பின்னால் விழுந்த வட்டம்

செய்தி தொலைபேசியில் வந்தது. எடுத்தவன் நான். ஸ்டூடியோவில் எங்கள் முதலாளி தௌக்கே இல்லாத நேரங்களில் தொலைபேசியை எடுத்து ஏதாவது உளறுவது என் வழக்கம். அன்று பிற்பகலும் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "வணக்கம், இருட்டறை பேசுகிறது. வெளிச்சம் வெளியே போயிருக்கிறது, வந்ததும் சொல்லி அனுப்புகிறோம்" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து என் அண்ணனின் குரல் கேட்டது.

"தம்பி, அண்ணி போயிட்டாங்கடா."

அண்ணன் என்னைத் திட்டவில்லை. இன்றுவரை அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

என் அண்ணி வெள்ளையம்மா, நான் கௌண்டரில் நிற்கிற அதே ஈப்போ ஸ்டூடியோவின் இருட்டறையில் படம் அச்சிடும் வேலை பார்த்தார். அன்று காலையில் தலை வலிக்கிறது என்றார். "நாள் முழுக்க இருட்டுல நின்னா தலை வலிக்காம பல்லா வலிக்கும்?" என்று கேட்டேன். சிரித்தார். மதியம் அண்ணன் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம்.

நம் குடியிருப்பில் பலருடைய கல்யாணப் படம் அவர் கை பட்டு வந்ததுதான். நம் மன்றத்தின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். என் வாய் எங்கே போனாலும் வேடிக்கையில்தான் போய் விழும் என்று எனக்கே தெரியும். "நீதான் கூடவே இருந்த, நீயே எழுது" என்று விட்டார்கள்.

தைப்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஆள் நல்ல கறுப்பு. பெயர் வெள்ளையம்மா. ஒரு கொழுந்தனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கல்யாணப் பந்தலிலேயே 'கறுப்புவெள்ளை அண்ணி' என்று பெயர் வைத்துவிட்டேன். அண்ணி கோபப்படவில்லை. பின்னாளில் இருட்டறை வேலைக்குப் போனபிறகுதான் பதில் வந்தது. தன் படத்தின் நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டி, "பாருங்க கொழுந்தனாரே, இதுல என் பேரு சரியாத்தான் இருக்கு லா" என்றார். என்னை வாயடைக்க வைத்தவர்கள் குறைவு.

அவர் அந்த வேலைக்குப் போனதே ஒரு சண்டையால்தான். கல்யாணப் படம் வந்தபோது மணப்பெண்ணின் முகம் மாவு பூசியதுபோல இருந்தது. முகம் வெள்ளை, கை மட்டும் கறுப்பு. என் அம்மாவுக்கு மகா திருப்தி. அண்ணி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு. யாரு இது?" என்று கேட்டார்.

மறுவாரம் தனியாகவே பஸ் ஏறி ஸ்டூடியோவுக்குப் போய் அதே கேள்வியைத் தௌக்கேயிடம் கேட்டார். எங்கள் தௌக்கே சீனர். அரைத் தமிழும் அரை மலாயும் பேசுவார். "எல்லாரும் வெள்ளை கேக்குறான், நான் குடுக்குறேன். நீ வேற மாதிரி போட முடியும்னா, நீயே வந்து போடு லா" என்றாராம். விளையாட்டுக்குத்தான் சொன்னார். திங்கட்கிழமை காலையில் அண்ணி கடை வாசலில் நின்றார். முதலில் படம் அலசும் வேலை. நாளாக நாளாக, தாளில் வெளிச்சம் பாய்ச்சுகிற பெரிய கருவி அவர் கைக்கு வந்தது.

தோட்டத்துக் கூட்டப் படங்களில்தான் அண்ணியின் பெயர் பரவியது. பால்மரம் வெட்டுகிற ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் மர நிழலில் வரிசையாக நிற்பார்கள். முகத்துக்குப் பார்த்து எடுத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாள். வானத்துக்குப் பார்த்து எடுத்தால் மேகம் அழகாக வரும், மனிதர்கள் கரிக்கட்டை. "மேகம் மட்டும் வந்திருக்கு, ஆளெல்லாம் லீவு" என்று நான் சொல்வேன்.

காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி இரண்டு முறை எடுத்துத் தரும்படி அண்ணி தௌக்கேயிடம் கேட்டு வாங்கினார். ஒன்று முகத்துக்கு, ஒன்று வானத்துக்கு. தாளில் வெளிச்சம் படாத இடம் வெள்ளையாகவே நிற்கும். அதனால் முதல் நெகட்டிவை அச்சிடும்போது வானத்துப் பக்கத்தை அட்டையால் மறைப்பார். பிறகு நெகட்டிவை மாற்றி, முகங்களை மறைத்து, மேகத்தை மட்டும் விழவிடுவார். அட்டை ஓரிடத்தில் நிற்காது, குழம்பு துழாவுவதுபோல அசைந்துகொண்டே இருக்கும்.

"கை நிக்கக் கூடாது, தம்பி. நின்னா கோடு விழும். ரெண்டு தடவை எடுத்தோம்னு யாருக்கும் தெரியக் கூடாது. பாக்குறவங்க மேகத்தைப் பாத்துட்டு, மழை வருமான்னு கேட்டுட்டுப் போயிட்டே இருக்கணும்."

முகங்கள் அவர் படத்தில் கறுப்பாகவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு முகமும் தெரிந்தது. படத்தை வாங்க வந்த ஒரு கங்காணி, தன் கன்னத்துத் தழும்பைப் படத்தில் தொட்டுப் பார்த்து, "இதைக்கூட விடலையா தாயி?" என்று கேட்டார். பிறகு இன்னொரு பிரதி வேண்டும் என்றார்.

அண்ணியிடம் நானும் அச்சிடக் கற்றுக்கொண்ட அந்த நாட்களில் ஒரு கூத்து செய்தேன். தௌக்கேயின் படத்தை அச்சிட்டு, தலைமேல் அட்டையை வேண்டுமென்றே நிறுத்திப் பிடித்தேன். தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. அதைக் கொண்டுபோய் அவருடைய சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி ஊதுபத்தியும் கொளுத்திவிட்டேன். தௌக்கே உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். பிறகு படத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"வட்டம் போட்டா சாமியாயிருவாரு. ஆளு காணாமப் போயிருவாரு லா."

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணி போன அன்று, சாயங்காலம் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள், மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். ஊருக்கெல்லாம் படம் போட்டவருக்குச் சொந்தமாக ஒரு நல்ல படம் இல்லை. போன தீபாவளிக்கு அவர் பிறந்த தோட்டத்து வீட்டில் நான் எடுத்த இரண்டு நெகட்டிவ்கள் மட்டும் இருந்தன. திறந்த கதவுக்குப் பக்கத்தில், இருண்ட பலகைச் சுவரில் சாய்ந்து அண்ணி உட்கார்ந்திருப்பார். கதவு வழியே வாசலும் வானமும். "என்னை ஒண்ணு, வெளிய ஒண்ணு" என்று அவரேதான் எடுக்கச் சொன்னார்.

நான் ஸ்டூடியோவுக்குக் கிளம்பும்போது அம்மா என் சட்டையைப் பிடித்தார்.

"கொஞ்சம் வெளுப்பா போடுடா. நாலு பேரு வர்ற இடம். எம்மருமகளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாது."

அம்மா அழுதுகொண்டிருந்தார். நான் சரி என்றேன். அம்மாமேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அவருக்கு அட்டை பிடிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு நெகட்டிவை மட்டும் எடுத்து, முகத்தைப் பெரிதாக்கி, வெளிச்சம் படாமல் அட்டையை முகத்தின்மேல் பிடித்தேன். காலையில் அவர் பல்வலிப் பேச்சுக்குச் சிரித்தது நினைவுக்கு வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. படம் மருந்துத் தண்ணீரில் மெல்ல எழும்பி வந்தபோது முகம் மாவாக இருந்தது. பலகைச் சுவரில், தலையைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம். இன்னொன்று போட நேரம் இல்லை. அல்லது நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வந்தவர்கள் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பாருங்கக்கா, தலைக்குப் பின்னால ஒளி. சாமியாயிட்டா."

"கண்ணு பட்டுருச்சு லா. அதான் சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டான்."

"படத்தை யாரு போட்டது? கொழுந்தனா? கை விசேசம்பா."

அப்போது அண்ணியின் மகன் கண்ணன் வந்தான். நான்கு வயது. மாலை போட்ட அந்தப் படத்துக்கு நேர் எதிரே நின்று அதை நன்றாகப் பார்த்துவிட்டு என் விரலைப் பிடித்து இழுத்தான்.

"சித்தப்பா, எல்லாரும் அம்மா படம் அம்மா படம்னு சொல்றாங்க. எங்க இருக்கு?"

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார். கண்ணன் கேட்டது அம்மாவின் காதிலும் விழுந்தது, அவரும் என்னைப் பார்க்கவில்லை. அன்று கல்யாணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். பெற்றவளைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாமல் செய்தவன் என்று என்னை நானே சொல்லிக்கொண்டால், அதில் ஒரு வேடிக்கையும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பு, தௌக்கேயிடம் சாவியை வாங்கிக்கொண்டு காலையிலேயே இருட்டறைக்குப் போனேன். இந்த முறை இரண்டு நெகட்டிவும். ஒன்றை எடுத்து மற்றதை வைக்கும்போது மயிரிழை விலகினாலும் கதவுக்கு இரண்டு நிலைச்சட்டம் வந்துவிடும். வந்தது. தாளைக் கிழித்தேன். மறுபடி வாசலுக்கும் சுவருக்கும் நடுவே கோடு விழுந்தது. அதையும் கிழித்தேன். தௌக்கே ஒருமுறை கதவைத் தட்டி, "தாள் முடியுதா? இன்னொரு பெட்டி இருக்கு, எடு" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது உச்சி வெயில்.

வீட்டில் பழைய படத்தை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டினேன். அந்த ஒளி வந்த படம் எங்கே என்று ஓர் அக்கா கேட்டார். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். அண்ணியின் முகத்தை, பலகைச் சுவரை, கதவுக்கு வெளியே கொடியில் தொங்கிய துணிகளை, அவற்றுக்கு மேலே திரண்டிருந்த மேகத்தைப் பார்த்தார்.

"மழை வரும் போலருக்கே. துணிய எடுக்காம உக்காந்திருக்கா பாரு" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

கண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, கையிலிருந்த பிஸ்கட்டில் பாதியை ஒடித்துப் படத்தின் சட்டத்தில் வைத்தான்.

போய் வாருங்கள், அண்ணி. முகம் கறுப்பாகத்தான் இருக்கிறது. வட்டம் இல்லை. இந்த முறை கை நிற்கவில்லை.