தாராவியிலிருந்து கோவண்டிக்கு: ரத்தான ஒரு பஸ் அட்டையோடு நான்கு நாள்

திங்கட்கிழமை காலை நடந்தவை வரிசையாக:

1. 7.10-க்கு நானும் இசக்கி அக்காவும் தாராவி வீட்டிலிருந்து கிளம்பினோம். நடந்தே போகலாம், உடம்புக்கு நல்லது என்றாள். எட்டு கிலோமீட்டர் நடக்க முடியாது என்று நான்தான் அவளைப் பஸ் நிறுத்தத்துக்கு இழுத்துப்போனேன்.

2. 7.25-க்குப் பஸ் வந்தது. கோவண்டிக்கு எனக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். அக்கா தன் மாணவர் பாஸ் அட்டையைக் கண்டக்டரிடம் நீட்டினாள்.

3. மெஷின் சிவப்பு காட்டியது. கண்டக்டர் அட்டையைச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. ரத்தாகிவிட்டது என்றார்.

4. அக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் இறங்கினேன்.

5. அட்டை ஓடாமல் அவள் நடந்தே போவது அது ஒன்பதாவது நாள் என்பதை அப்போதுதான் சொன்னாள்.

இசக்கி அக்கா என் பெரியம்மாவின் மகள். வயது முப்பத்துநான்கு. கோவண்டியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். முப்பது பேர் வகுப்பில் பெண்கள் இரண்டு பேர். நான் சென்னையில் மென்பொருள் வேலை செய்கிறேன். இரண்டு வார அலுவலக வேலையாக வந்தவளுக்கு மாட்டுங்காவில் விடுதி அறை தந்திருந்தார்கள். அக்கா அங்கே தங்க விடவில்லை.

சயான் வரை வேகமாக நடந்தோம். மேம்பால வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு டிராம்பே சாலையைப் பிடித்த பிறகு நான் கேள்விகள் கேட்டேன். முன்னாலேயே கிளம்பினால் என்ன? குழாயில் தண்ணீர் ஏழு மணி வரை வரும், பிடிக்க வேறு ஆள் இல்லை. ரயிலில் போனால் என்ன? படிப்புக்கென்று வீட்டிலிருந்து ஒரு பைசா எடுப்பதில்லை என்று மாமியாரிடம் சொல்லித்தான் சேர்ந்திருக்கிறாள். மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அந்தப் பேச்சின் மேல்தான். சரி, டிக்கெட்டை நான் வாங்குகிறேன் என்றேன்.

"நீ ரெண்டு வாரம் வாங்குவ. அப்புறம் தங்கச்சி காசுல படிக்கான்னு ஆயிரும். வேண்டாம்ட்டி."

வகுப்பு 8.30-க்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 9.05. வாசலில் இருந்த தாமதப் பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு தாமதம் ஆனால் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று அதன் அட்டையிலேயே ஒட்டியிருந்தது. அவளுடையது ஒன்பது. நடந்தே வந்தால் வியாழக்கிழமை பன்னிரண்டு.

அன்று மாலை தாராவியில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பதுகூட அதிகம், சந்தில் எல்லாருக்கும் பாதி தெரிந்திருந்தது. அங்கே பல வீடுகளில் ஒரே போன்தான், அது வேலைக்குப் போகிற ஆணோடு போய்விடும். பெண்கள் வேலை செய்யும் இடங்களில் போனைப் பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் காஸ், ரேஷன், பாங்க் என்று எந்தப் படிவமானாலும் பொன்னுத்தாய் மதினியின் நம்பரை எழுதுவது அந்தச் சந்தின் வழக்கம். மதினி வீட்டிலேயே உட்கார்ந்து தோல் பெல்ட்டுக்குப் பக்கிள் மாட்டுகிறவர். எப்போது அழைத்தாலும் எடுப்பார், வந்த எண்ணைச் சரியாகப் படித்துச் சொல்வார். பெயரே ஓடிபி மதினி ஆகிவிட்டது. பஸ் அட்டைக்கும் பன்னிரண்டு பேர் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். இப்போது வேலை செய்வது கடைசியாக வாங்கிய அட்டை மட்டும், சந்துக் கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வாட்ச்மேன் ஒருவருடையது. மற்ற பதினொன்றும் ரத்து.

மதினி பெல்ட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நான் யாருக்கும் தப்பான நம்பர் சொன்னதில்ல கேட்டியா. மெஷினுக்குத்தான் எங்க சந்தைத் தெரியல."

செவ்வாய்க்கிழமை நடை பத்தாவது தாமதத்தில் முடிந்தது. நான் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்தேன். மதியம் 2.40-க்குச் செம்பூர் பக்கத்து டிப்போவின் பாஸ் கவுண்டர். உள்ளே ஐம்பது வயது மராத்திப் பெண்மணி. கணினித் திரைக்கு மேலே வெற்றிலைக் கொடி வளர்த்த ஒரு பாட்டில். அக்கா வேகமான பம்பாய் ஹிந்தியில் நிலைமையைச் சொன்னாள். அந்த அம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டு பெயர்கள், ஒரே நம்பர்.

"ஏக் நம்பர், ஏக் ஆத்மி" என்றார். ஒரு நம்பருக்கு ஒரு ஆள். புதிய அட்டை வந்தால் பழையதைக் கணினியே மூடிவிடும், அவர் கையில் எதுவும் இல்லை.

எனக்கு அந்த விதி தெரியும். சென்னையில் கிளினிக்குகளுக்காக நான் எழுதிய மென்பொருளில் அதே விதி இருக்கிறது: ஒரே போன் நம்பர் என்றால் ஒரே நோயாளி, புதியதை வை, பழையதை மூடு. சோதனைகளில் ஒரு பிழைகூட வரவில்லை. நம்பரை எழுதாமல் விட முடியுமா என்று கேட்டேன். முடியாது. சரி, என் நம்பரைப் போடுங்கள் என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "மறுபடி இது போச்சுன்னா ஓடிபி மெட்ராசுக்கு வரும். நீ மீட்டிங்ல இருப்ப, நான் இங்க லைன்ல நிப்பேன். அதுக்கு மதினி நம்பரே தேவலாம்லா."

பிறகு கவுண்டர் அம்மாவிடம், தன் பெயரிலேயே நம்பர் வாங்கி வந்தால் எப்போது அட்டை ஓடும் என்று விசாரித்தாள். ஐந்து மணிக்குள் பதிவு செய்தால் மறுநாள் காலை ஓடும் என்றார் அவர்.

சிம் கடை டிப்போவுக்கு எதிரிலேயே இருந்தது. வகுப்பு வீடியோ பார்க்க அக்காவிடம் சிம் இல்லாத பழைய போன் ஒன்று உண்டு. கடைக்காரர் ஆதாரை வாங்கிக்கொண்டு, ஆதாரில் பதிந்த நம்பருக்கு வரும் ஓடிபி வேண்டும் என்றார்; அதுவும் மதினி நம்பர்தான். சொந்த நம்பர் வாங்கவும் ஓடிபி மதினியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மதினி ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு, "இனி என்னைய மறந்துருவ" என்று போனை வைத்தார்.

கடையின் ஏசியிலிருந்து ஒரு பக்கெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படிவம் ஏறும் வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு ஸ்டூல் கேட்டாள். இப்படிச் சொட்டி ரொம்ப நாளாகிறதா என்று கேட்டபடியே ஃபில்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்துக் கழுவச் சொன்னாள். வெளியே போகும் குழாயை உருவி, வாயால் ஊதி, கருப்பாக ஒரு கட்டி விழும் வரை விடவில்லை. இருபது நிமிடத்தில் சொட்டு நின்றது. கடைக்காரர் சிம்முக்கும் ஒரு மாத ரீசார்ஜுக்கும் காசு வாங்க மறுத்துவிட்டு, சிம் மறுநாள்தான் வேலை செய்யும் என்றார். அக்கா ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

திரும்பும் வழியில்தான் என் கிளினிக் விதியைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப உன்னாலயும் எவளோ ஒருத்தி எங்கயோ நடந்துக்கிட்டு இருக்காட்டி."

கோபமாகச் சொல்லவில்லை.

புதன்கிழமை பதினோராவது தாமதம். மதியம் மூன்று மணிக்கு அதே கவுண்டர். கவுண்டர் அம்மா பழைய நம்பரை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினார். அக்காவின் கையிலிருந்த போன் ஒலித்தது. வந்த எண்ணை அவளே ஹிந்தியில் படித்துச் சொன்னாள், பாதியில் ஒருமுறை நிறுத்தி, முதலிலிருந்து. கவுண்டர் அம்மா சிரித்துக்கொண்டே, இனி தங்கையைக் கூட்டிவர வேண்டாம், தனியாக வந்தால் போதும் என்றார். அப்போது மணி 3.20.

வியாழக்கிழமை 7.15-க்கே நிறுத்தத்தில் இருந்தோம். பஸ் 7.25-க்கு வந்தது. மெஷின் பச்சை காட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் பாஸைப் பார்த்துவிட்டு, இந்த வயதிலா மாணவி என்று ஹிந்தியில் கேட்டார். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கெடும்போது வயது கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டாள். மூன்று நாளும் கால் அறிந்த சாலை ஜன்னலில் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. 8.10-க்குப் பயிற்சி நிலைய வாசல். தாமதப் பதிவேட்டை மூடியபடியே மேசையில் வைத்திருந்தார்கள்.

சென்னையில் எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஐந்து நம்பர்கள். ஒரு நம்பரை ஒரு சந்தே பயன்படுத்தும் என்பது அந்த வீட்டில் உட்கார்ந்து விதி எழுதியவளுக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்த முதல் நாளே, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் தவிர எதையும் மூடக் கூடாது என்று அதை மாற்றி எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினேன்.

இன்றைய நிலை இது. என் மாற்றத்துக்கு ஒப்புதல் இன்னும் வரவில்லை. சந்தில் ரத்தான பதினொரு அட்டைகளில் அக்காவுடையது ஓடுகிறது. அவளே கவுண்டருக்குக் கூட்டிப்போய் இன்னும் நான்கு பேருக்குச் சரிசெய்திருக்கிறாள். ஆறு அட்டைகள் ரத்தாகவே இருக்கின்றன. அவளுடைய தாமதம் பதினொன்றில் நிற்கிறது.