வெர்லின் டாக்கெட் ஓடியது குற்றமாம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு ஹோம் ரன்னை மறைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? அரங்கம் நிறைந்த கூட்டத்தின் கண்ணெதிரே பந்து சுவரைத் தாண்டிப் போனது. அடித்தவன் நான்கு மூலையிலும் இருக்கிற பேஸையெல்லாம் சுற்றி வந்தான். ஸ்கோர் பலகையில் ஒன்று என்று ஏற்றினார்கள். சாயங்காலம் பார்த்தால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார்கள். கேட்டால் விதியாம். அந்த விதியைப் போட்டவன் தலையில் இடி விழ.

அடித்தவன் பெயர் வெர்லின் டாக்கெட். கென்டக்கி மலையில் நிலக்கரி ஊரில் பிறந்தவன். அப்பாவும் சித்தப்பாக்களும் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். இவன் ஒருவன்தான் தப்பினான், ஓடுகிற கால் இருந்ததால். மைதானத்தின் கடைசியில் புல்வெளியில் நின்று, உயரப் பறந்து வரும் பந்தை ஓடிப் பிடிக்கிற வேலை. அதையே பன்னிரண்டு வருடம் சின்ன லீக்குகளில் செய்தான். விடிய விடியப் பஸ்ஸில் போவது, பெட்ரோல் பங்கில் மலிவான போலோனி இறைச்சி சாண்ட்விச் தின்பது, மத்தியானம் தூங்கி எழுந்து மைதானத்துக்குப் போவது. ஒருமுறை அவனைக் கொடுத்து வேறொரு அணியிடம் இரண்டு பந்துவீச்சாளர்களை வாங்கினார்கள். அடுத்த முறை அவனைக் கொடுத்து எதையுமே வாங்கவில்லை. குழம்பில் கறிவேப்பிலைக்கு என்ன மரியாதையோ அதுதான் அவனுக்கும்.

பந்தை எறிவதில் அவன் சுமார். மட்டையிலும் சுமார். ஆனால் ஓடுவான். மட்டையில் பட்ட பந்து நேராகப் போய் எதிராளி கையில் உட்கார்ந்தாலும், அந்த ஆள் கை நழுவவிட மாட்டானா என்று முதல் பேஸை நோக்கி உயிரைக் கொடுத்து ஓடுவான். அப்படி அவனைப் பழக்கினார்கள். இருபது வயதில் ஒருநாள், பிடித்துவிடுவான் என்று தெரிந்த பந்துக்கு அவன் பாதியில் நின்றுவிட்டான். அப்போதைய மேனேஜர் அணியையே சுற்றி உட்காரவைத்து, இவன் வாந்தி எடுக்கும்வரை பேஸுக்கும் பேஸுக்கும் ஓடவிட்டார். அதற்குப்பிறகு அவன் நின்றதே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் மேனேஜர்கள் இளசுகளுக்கு அவனைக் காட்டி, ஓடினால் இவனைப் போல ஓடுங்கடா என்பார்கள். சொல்வார்கள், பிறகு பெரிய லீக்குக்கு அந்த இளசுகளைத்தான் அனுப்புவார்கள்.

முப்பத்திரண்டு வயதில், தொப்பிக்குள் முடி உதிர்ந்த பிறகு, ஜூலை மாதம் அவனுக்கு அழைப்பு வந்தது. பெரிய அணியின் இடப்பக்க ஆட்டக்காரனுக்குத் தொடையில் தசை இழுத்துக்கொண்டது. அவன் தேறி வரும்வரை உப்புக்குச் சப்பாணியாக ஓர் ஆள் வேண்டும். வெர்லின் போனான். அவன் மனைவி ஒனீட்டா அயோவாவில், சின்ன லீக் ஊரில், வாடகை வீட்டிலேயே இருந்தாள். சில நாளுக்காகக் குடித்தனத்தைப் பெயர்ப்பானேன் என்பது அவள் கணக்கு. அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு ஹோம் ரன். நூறு வேண்டாம், பத்து வேண்டாம். பெரிய லீக்கில் டாக்கெட் ஒன்று அடித்தான் என்று இருந்தால் போதும், சந்தோஷமாகக் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

ஏரிக்கரை நகரம் ஒன்றில் வெளியூர் ஆட்டம். தொடை இழுத்துக்கொண்ட ஆள் தேறிவிட்டான், மறுநாள் வருகிறான் என்று காலையிலேயே பேச்சு அடிபட்டது. ஆகவே இதுதான் வெர்லினுக்குக் கடைசி நாள். மூன்றாவது இன்னிங்கில் அந்த ஊர்ப் பந்துவீச்சாளன், ராஸ்கோ என்று ஒரு நெட்டையன், இவனைப் பார்த்து இளப்பமாக நடுவில் ஒன்று போட்டான். வெர்லின் சுழற்றினான். பந்து இடப்பக்கச் சுவருக்கு மேலே போய் ஜனங்களுக்குள் விழுந்தது. அது போனது தெரியாமலே இவன் தலையைக் குனிந்து முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டாவது பேஸ் அருகே அம்பயர் சிரித்து, மெதுவாகப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

திரும்பி வந்தால் பெஞ்சில் ஒருவனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒருவன் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்புகிறான். ஒருவன் காலணிச் சேற்றைச் சுரண்டுகிறான். முதல் ஹோம் ரன் அடித்தவனுக்கு அங்கே விளையாட்டாகத் தரும் வரவேற்பு அதுதான். வெர்லினுக்கு அது தெரியும், எத்தனையோ பொடியன்களுக்கு அவனே செய்திருக்கிறான். ஆனாலும் ஒரு கணம், நிஜமாகவே யாரும் பார்க்கவில்லையோ என்று ஸ்கோர் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு எல்லாரும் ஒன்றாக மேலே விழுந்து மொட்டைத் தலையில் அடி அடி என்று அடித்தார்கள். அவன் அழுதான். அதை மறைக்கவும் இல்லை.

அதோடு விட்டதா வானம்? நான்காவது இன்னிங்கில் ஏரிப்பக்கம் கறுத்துத் தூற ஆரம்பித்தது. ஒன்பதில் ஐந்து இன்னிங் முடிந்துவிட்டால், அதாவது இரண்டு அணியும் ஐந்து முறை மட்டை பிடித்துவிட்டால், மழை வந்தாலும் ஆட்டம் செல்லும். அதற்குள் கொட்டிவிட்டால் அத்தனையும் ரத்து. அடித்தது, பிடித்தது, ஓடியது எல்லாம் அழிந்து, இன்னொரு நாள் முதல் பந்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்போது வெர்லின் அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முந்தியிருந்தது. அந்த ஒன்று அவன் அடித்த ஒன்று. ஆகவே இவர்களுக்கு அவசரம், உள்ளூர்க்காரர்களுக்கு மழை வரவேண்டும். ராஸ்கோ காலணிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். கேட்சர் அவனிடம் போய்க் குடும்பக் கதை பேசினான். அம்பயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவது இன்னிங்கில் இரண்டு பேர் அவுட்டான பிறகு வெர்லினின் முறை வந்தது. இவனும் அவுட்டானால் உள்ளூர்க்காரர்கள் மட்டை பிடிக்க வருவார்கள், அவர்களையும் சட்டென்று சுருட்டிவிட்டால் ஆட்டம் தேறிவிடும். மேனேஜர் ஹெர்ப் ஸ்விகர்ட் இவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எது வந்தாலும் மட்டைய வீசு. மூணு வீச்சுல அவுட்டாகி வந்துடு. உன் ஹோம் ரன்ன நீயே காப்பாத்திக்கோ" என்றார்.

வெர்லின் தலையாட்டிவிட்டுப் போனான். ராஸ்கோவுக்கும் இது தெரியாதா என்ன? இவனை அவுட்டாக்கிவிடக் கூடாதே என்று எட்டாத தூரத்தில் வீசினான். வெர்லின் எம்பி, காற்றில் வீசினான். இரண்டாவதும் அப்படியே. பார்த்த ஜனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மூன்றாவது பந்து இன்னும் தள்ளி வந்தது. வெர்லின் ஒரு கையால் மட்டையை நீட்டினான். அந்தப் பாழாய்ப்போன மட்டையின் நுனி பந்தில் பட்டுத் தொலைத்தது. பந்து ஈரப் புல்லில் உருண்டது.

வெர்லின் ஓடினான்.

யோசித்து ஓடவில்லை. பந்து தரையில் உருண்டதும் கால் கிளம்பிவிட்டது. பாதி வழியில்தான், ஐயோ, நின்றிருந்தால் அவுட்டாகியிருப்பேனே என்று புத்தி வந்தது. அதற்குள் முதல் பேஸில் நின்றுகொண்டிருந்தான். பந்தை எடுக்கவேண்டியவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

உள்ளூர்க்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பேஸில் ஒரு ஆள் நின்றால் அவனைப் பிடிக்கிற சாக்கில் பந்துவீச்சாளன் அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம். ராஸ்கோ எறிந்தான். முதல் பேஸ்காரன் பந்தைத் துடைத்து, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தான். மறுபடியும் எறிந்தான். வெர்லின் அவுட்டாக வேண்டும் என்றே பேஸை விட்டுத் தள்ளிப் போய் நின்றான். பந்தைக் கையில் வைத்திருந்த முதல் பேஸ்காரன் தொட்டால் இவன் அவுட், ஆனால் தொடமாட்டேன் என்கிறான்.

"எங்க மாமா கிளம்பிட்ட? குடை கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றான் அவன்.

"தொடுடா. உன் கையில பந்து இருக்குல்ல, தொடு."

"தொட்டா தீட்டு மாமா. போய் நில்லு."

முப்பத்திரண்டு வயது ஆள், என்னை அவுட்டாக்கு என்று எதிராளியைக் கெஞ்சிக்கொண்டு நின்றான். அம்பயர் நான்கு பேர் இருந்தார்களே, ஒருவராவது இது ஆட்டமா கூத்தா என்று கேட்டிருக்க வேண்டாமா? வெர்லின் பக்கத்தில் நின்ற அம்பயரிடம் போய் நேரடியாகவே முறையிட்டான். ஆட்டத்தைப் பார் என்று பதில் வந்தது. அப்போதுதான் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. மைதானத்தை மூடத் தார்ப்பாயை இழுத்து வரவேண்டிய உள்ளூர் ஆட்கள், பிணத்துக்குப் பின்னால் நடப்பவர்களைப் போல நடந்தார்கள். பாதி வழியில் அதைச் சுருட்டி மறுபடி விரித்தார்கள். மழை விட்டபோது பேஸ்கள் குளத்துக்கு அடியில் இருந்தன. ஆட்டம் ரத்து என்று அறிவித்துவிட்டு அம்பயர்கள் சூப் குடிக்கப் போனார்கள்.

உடை மாற்றும் அறையில் ஹெர்ப் இவனை ஓரமாகக் கூப்பிட்டார். நாளைக் காலை விமானத்தில் திரும்பிப் போகவேண்டும் என்றார். அது எதிர்பார்த்ததுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீ மட்டும் நின்னிருந்தா ஆட்டம் தேறியிருக்கும், வெர்லின். இந்தத் தோல்விக்கு நீயே..." என்று ஆரம்பித்தார். தோல்வியே இல்லை அது, நடக்காத ஆட்டத்தில் தோல்வி ஏது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கயிறு கட்டியவனைக் கேட்பாரில்லை, தார்ப்பாயைச் சுருட்டியவனைக் கேட்பாரில்லை. இவன் நின்றிருந்தாலும் மழைக்கு முன் முடித்திருப்பார்களா என்பது யாருக்குத் தெரியும்? ஓடினவன்தான் குற்றவாளி.

வெர்லின் எந்த மேனேஜரையும் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"ஓடு ஓடுன்னு பன்னெண்டு வருஷமா மேனேஜருங்க எல்லாரும் சொன்னீங்க ஹெர்ப். நீங்களும் சொன்னீங்க, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் சொன்னாங்க. வாந்தி எடுக்க வெச்சு சொன்னீங்க. இன்னைக்கு ஒரு நாள் நில்லுங்கிறீங்க. இந்தக் காலு உங்க காலு. நீங்க செஞ்சது. அதைப் போய்த் திட்டுங்க."

 ஹெர்ப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற ஆட்டக்காரர்களில் கைதட்டவும் ஆளில்லை. மறுநாள் அவர்களுக்கு வேலை வேண்டுமே.

நடைவழியில் இருந்த போனில் ஒனீட்டாவைக் கூப்பிட்டான். அந்த நகரத்து ரேடியோ வீட்டுக்குள் எடுக்காது. அவள் மத்தியானமெல்லாம் மேட்டுத் தெருவில் காரை நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். மழை வந்ததும் ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். மிச்சக் கதை அவளுக்குத் தெரியாது. போனை எடுத்ததும் அவளே பேச ஆரம்பித்தாள், கேட்டதும் கார் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினதையும், தெருவே வெளியே வந்ததையும். வெர்லின் இடையில் புகுந்து, அது செல்லாது ஒனீட்டா, அழிச்சுட்டாங்க என்றான். நுனி பட்டதையும், தான் ஓடியதையும் ஒளிக்காமல் சொன்னான்.

 அவள் அழுவாள் என்று நினைத்தான்.

"இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் வெர்லின். மளிகைக் கடைல சொன்னேன். பாதிரியார் வீட்டுல சொன்னேன். உங்க அம்மாவுக்கு போன் போட்டு, சுரங்கத்துல ஷிஃப்ட் விட்டு வர்ற உங்க அப்பாகிட்டயும் சொல்லச் சொல்லிட்டேன். அந்த மனுஷன் இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பாரு."

"இப்ப என்ன பண்றது? இல்லைன்னு சொல்லிடு" என்றான் வெர்லின்.

"நான் ஏன் சொல்லணும்? அழிச்சவனுங்க வரட்டும். அந்த மலை ஏறிப் போயி, கரி படிஞ்ச மூஞ்சியோட உட்கார்ந்திருக்கிற உங்க அப்பாவைப் பாத்து, உன் மகன் அடிக்கலைன்னு அவனுங்களே சொல்லட்டும்."