பாதியால் வகுத்த அக்கா

எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் மூத்தவர் அக்காதான். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து, மூக்குத் துடைத்து, ஷூவுக்கு முடிச்சுப் போட்டு, அழுகிறதுகளைச் சமாதானம் பண்ணியே பாதி ஆயுளைக் கழித்தவர். அந்தத் தலைமையாசிரியைக்கு அவர்மேல் உயிர். சான்றிதழோடு வா, மூன்றாம் வகுப்பைத் தருகிறேன், ஆனால் இந்த வருடத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். கணக்கில் அக்கா ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு.

எங்கள் பயிற்சியில் ஒரு கூத்து உண்டு. ஒருவர் பாடம் நடத்த, மற்ற எல்லோரும் எட்டு வயதுக் குழந்தைகளாக நடிக்க வேண்டும். தாடிக்காரர் ஒருவர் டீச்சர் டீச்சர் என்று சிணுங்கிக்கொண்டே இருப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வார். எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வருகிறவரை முதல் மார்க்கு என்றே கூப்பிடுவோம். அவர் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனால் மக்குக் குழந்தையாக நடிப்பதில் அக்காவை அடிக்க ஆளில்லை. அவர் முழிக்கிற முழியைப் பார்த்துக் கணக்கு மேடமே கை தட்டுவார். எனக்குத்தான் தெரியும், அதில் நடிப்பு துளியும் கிடையாது. நிஜமாகவே புரியவில்லை என்று சாப்பாட்டு வேளையில் என்னிடம் புலம்புவார். மனப்பாடம் பண்ணித் தொலையுங்கள் என்று எரிந்து விழுவேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான்.

பாடம் நடத்திக் காட்டும் தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சிரித்தால் காசு கேட்பார்களோ என்று பயப்படுகிற முகம். சீட்டுக் குலுக்கியதில் அக்காவுக்கு விழுந்தது பின்னத்தால் வகுத்தல்.

ஆறு வாழைப்பழத்தோடு வந்தார் அக்கா. பலகையில் ஆறு வகுத்தல் அரை என்று எழுதி, அரையைத் தலைகீழாக்கிப் பெருக்கி, பன்னிரண்டு என்று போட்டார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் முதல் மார்க்கு விரலை வாயிலிருந்து எடுத்தார்.

"டீச்சர், வகுத்தா குறையத்தானே செய்யணும்? இது எப்படி கூடுச்சு?"

போன வாரம் அக்கா அவரிடம் கேட்ட கேள்வி அது. விதி அப்படி என்று சொல்லி அன்று மழுப்பியவர், நல்ல கேள்வியாச்சே என்று எடுத்து வைத்திருக்கிறார், பாவி. அவரைக் கிள்ளலாம் போலிருந்தது. குழந்தைதானே என்று கிள்ளியும் விட்டேன்.

"தெரியலயே கண்ணு," என்றார் அக்கா. "வா, பாக்கலாம்."

தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டார். அக்கா பழங்களைப் பாதி பாதியாகப் பிய்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்துக்கொண்டே வந்தார். நாங்கள் பதினோரு பேர். மிச்சமிருந்த ஒரு பாதியைக் கொண்டுபோய்த் தேர்வாளர் கையில் திணித்தார். திணித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நாம எதையும் குறைக்கலயே. ஆறு பழத்துல எத்தனை பாதி இருக்குன்னுதானே எண்ணுனோம்? பாதி சின்னது, அதான் நிறைய தேறுது." பலகையைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கா நான் இத்தனை வருஷம் அழுதேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பாடம் நடத்த வந்தவர், தனக்கே இப்போதுதான் புரிந்தது என்று தேர்வாளர் முன்னால் ஒப்புக்கொண்டாயிற்று. மூன்றாம் வகுப்பு கைநழுவிப் போனது என்றே முடிவு கட்டினேன்.

தாடிக்காரர் பழத்தை மென்றுகொண்டிருந்தார். தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கையிலிருந்த பாதிப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இந்த அரையைக் காலால வகுத்தா ரெண்டுன்னு வருதே, அதுவும் இப்படித்தானா?"

சோதிக்கிற குரல் இல்லை அது. அக்கா இடுப்பில் கையை வைத்தார்.

"கையைத் தூக்கிட்டுக் கேக்கணும்."

தேர்வாளர் பழத்தோடு கையைத் தூக்கினார்.