மாதாவின் நீல மேலாடையும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரில் அவருடைய உருவப்படம் இல்லை. சுரங்கக் கேம்பில் உள்ளோர் அனைவரையும் படம் பிடித்தவர், தம்மை ஒருமுறையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆகவே அவர் எடுத்த மாதா கோவில் சன்னலின் படத்தையே முகப்பில் வைத்திருக்கிறோம்.

ஆம்பூருக்கு அருகே பிறந்து, பெற்றோருடன் தங்க வயலுக்கு வந்தவர் அண்ணன். தந்தையார் சுரங்கக் குழியான ஷாப்டில் மாண்டபின், சுரங்கங்களைப் படம் பிடித்துவந்த துரை ஒருவரிடம் பணிக்குச் சேர்ந்து, பார்த்தே தொழிலைக் கற்றார். அவருடைய உழைப்பில்தான் நான் எழுத்தறிந்தேன்.

பூமி அதிர்ந்த ஒரு நாளில், கோவிலின் கிழக்குச் சன்னலில் குழந்தையை ஏந்தி நின்ற மாதாவின் வண்ணக் கண்ணாடி குறுக்கும் நெடுக்குமாக விரிசல் கண்டது. ஈயப் பட்டைகளின் பிடியில்தான் நின்றது. ஒரு சில்லைப் பிடுங்கினாலும் மொத்தமும் சரியும். அதைச் செய்தனுப்பிய சீமைக்காரர்களிடம் பழைய வரைபடம் இல்லை. தெளிவான படம் வந்தால் அப்படியே செய்வோம், இல்லையேல் வெற்றுக் கண்ணாடிதான் என்று எழுதிவிட்டார்கள்.

அண்ணன் பொறுப்பேற்றார். கேமராவின் கண்ணாடித் தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் வேண்டும். அத்தனை நேரமும் பாறை இடிக்கும் மில்லின் உலக்கைகள் தரையைக் குலுக்கின. முதலில் எடுத்த இரண்டு தகடுகளிலும் மாதாவுக்கு இரட்டை முகம் விழுந்தது. அண்ணன் நேரே மில் மேஸ்திரியிடம் போய் நின்றார்.

“மாசம் ஒருவாட்டி கழுவறதுக்கு மில்ல நிறுத்துவோம். அன்னிக்கு வந்து புடிச்சிக்கோங்க” என்றார் அவர்.

அந்த நாளில் வானம் மூடிக்கிடந்தது. கழுவி முடித்தும் மேகம் கலையவில்லை. மேஸ்திரியே கோவில் வாசலுக்கு வந்துவிட்டார்.

“இன்னாங்க, மாதா இன்னும் தூங்குறாங்களா?”

“கால் மணி நேரம் குடுங்க மேஸ்திரி.”

“மில்லு துரை கேட்டா பெல்ட்டு அறுந்துபோச்சின்னு சொல்லிக்கிறேன். சட்டுனு புடிங்க.”

வெயில் வந்தது. படம் தெளிவாக விழுந்தது. ஆனால் இத்தகடுகளுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றே. தாளில் மாதாவின் நீல மேலாடை வெளுத்துப் போயிருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கித் தம் வெள்ளைப் புடவையையும் பார்த்துக்கொண்டார்.

“இன்னாடா இது, மாதாவுக்கும் என் பொடவையவே கட்டி உட்டுட்டே?”

“தகடு பண்ண வேலம்மா. மாத்திடறேன்.”

“இப்டியே அனுப்பிடாதே. புள்ளையத் தூக்கினு நிக்கிறவளுக்கு வெள்ள ஆவாது.”

மறுநாள் முதல், கிழக்கு வெயில் சன்னலில் விழும் காலைவேளைகளில் அண்ணன் ஏணிமேல் அமர்ந்து, ஒவ்வொரு துண்டையும் பார்த்துப் பார்த்துப் படத்துக்கு வண்ணம் தீட்டினார். ஒத்துவராத நீலத்தைக் கழுவினார், மீண்டும் தீட்டினார். ஏழு தாள்கள் பாழாகி எட்டாவதில்தான் தலையசைத்தார். நான் துண்டுகளுக்கு எண்ணிட்டுக் கடிதம் எழுதினேன். அடுத்த கப்பலில் அனுப்பினோம்.

சன்னல் திரும்பி வருவதற்குள் மார்புநோய் அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டது.

மருந்து தந்த ஆஸ்பத்திரியாருக்கும், அம்மாவுக்குத் துணையிருந்த எதிர்வீட்டாருக்கும், பெயர் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்ட மேஸ்திரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பங்காருபேட்டை ரயிலடியிலிருந்து புதுச் சன்னலின் பெட்டிகளைக் கொண்டுவந்த வண்டிக்காரர் இருவருக்கு நாங்கள் பட்ட கடன் தனி. அவர்கள் கோவிலுக்குப் போகுமுன் எங்கள் வாசலில் நிறுத்தி, பலகையைப் பெயர்த்து, மேலாடைப் பகுதியைக் கட்டிலருகே தூக்கிவந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்கள். நீலம் அண்ணனின் போர்வைமேல் விழுந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார்.

“சரியாக்கீது. கொண்டுபோய் ஏத்துங்க” என்றார்.