முருங்கைச் சாறும் எமிலி கேட்ட கேள்வியும்

1. ஊதா மறைந்த கூட்டம்

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில், மன்னாரில் ஒரு மரக்கறி ஆய்வுத் திட்டத்தில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். உப்புக்குளத்தில் வாடகைக்கு எடுத்த வீடுதான் ஆய்வுகூடம். முன்னறையில் கரைசலின் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மெஷின், குசினியில் இலை காயவைக்கும் அவண். கரண்ட் போனால் இரண்டும் நின்றுவிடும்.

திரும்பி வந்த சனங்கள் வளவில் வளர்க்கும் முருங்கை இலை, பசளி, பொன்னாங்காணி, பாவற்காய் எல்லாவற்றையும் வாங்கிக் காயவைத்து அரைப்போம். மெதனோலில் ஊறவைத்துச் சாறு எடுப்போம். அதில் அன்டிஒக்சிடன்ட் என்கிற ஒட்சியேற்ற எதிரிகள் எவ்வளவு என்று பார்ப்பதற்கு டிபிபிஎச் என்றொரு ஊதாக் கரைசல் இருக்கிறது. வலுவுள்ள சாற்றை விட்டால் ஊதா மறைந்து மஞ்சளாகிவிடும். நாங்கள் சோதித்தவற்றில் முருங்கை இலைதான் எப்போதும் முன்னுக்கு நின்றது.

விடத்தல்தீவுப் பெண்களைக் கூப்பிட்டு இதைச் செய்து காட்டவேண்டும் என்று திட்ட அலுவலர் விரும்பினார். பொதுமண்டபத்தில் கூட்டம் வைத்தோம். திட்டத்துக்குப் பண உதவி தருகிறவர்கள் சிலரும் பார்க்க வந்திருந்தார்கள். நான் ஊதாக் கரைசல் இருந்த சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்து முருங்கைச் சாற்றை விட்டேன். எல்லோரும் பார்த்திருக்க ஊதா போனது.

"பாத்தீங்களோ, உடம்பில சேருற நஞ்சை முருங்கை இப்பிடித்தான் துடைச்செடுக்கும்" என்றார் அலுவலர்.

அவர் கெட்ட மனிதரல்ல. சனங்கள் கீரை சாப்பிடவேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். ஆனால் குழாய்க்குள் நடப்பது உடம்புக்குள் அப்படியே நடக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விருந்தாளிகளுக்கு முன்னால் மேலதிகாரியைத் திருத்த எனக்குத் துணிவு வரவில்லை.

கூட்டம் முடிந்து குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது எமிலி பக்கத்தில் வந்து நின்றார். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர். எங்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை முருங்கை இலை தருபவர்.

"மிஸ், உடம்பில வாற கட்டிகளுக்கும் இது நல்லதோ?"

வாகனம் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. குழாய்களைப் பெட்டியில் அடுக்கியபடியே, "நல்லதுதான், குடியுங்கோ" என்றேன். அவருடைய முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

2. காலமையும் பின்னேரமும்

அதன் பிறகு சில மாதங்கள் எமிலியின் கணவர் அந்தோனிதான் இலையைக் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மண் மாதிரி எடுக்க நான் விடத்தல்தீவுக்குப் போன நாளில், எமிலியை அவர்களுடைய தகரக் கொட்டில் வாசலில் கண்டேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இடது கை வீங்கியிருந்தது.

"என்ன எமிலி, சுகமில்லையோ?"

"இப்ப பரவாயில்லை மிஸ். காலமையும் பின்னேரமும் ஒவ்வொரு தம்ளர் முருங்கைச் சாறு குடிக்கிறன். நீங்கள் சொன்னதிலயிருந்து ஒரு நாளும் விடேல்லை."

"எதுக்குக் குடிக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் மார்பைக் காட்டினார். தோல் கறுத்து, ஓரிடத்தில் புண்ணாகியிருந்தது.

"ஆசுபத்திரியில காட்டேல்லையோ?"

"காட்டினனான். கொழும்புக்குப் போய் வெட்டவேணும் எண்டவை. எனக்குச் சிங்களம் தெரியாது மிஸ். இவர் கடலுக்குப் போனால் பிள்ளையளை ஆர் பாக்கிறது? என்ன செய்யிறதெண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கேக்கதான் நீங்கள் கூட்டம் வச்சனீங்கள்."

வெட்டாமலே கட்டி வளர்வது நின்றுவிடும் என்று ஐந்து மாதம் நம்பியிருந்திருக்கிறார். அன்றே அவரைத் திட்ட வாகனத்தில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"ஏனம்மா இவ்வளவு நாளும் வரேல்லை?" என்று டொக்டர் கேட்டார். எமிலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் டொக்டர் என்னிடம் சொன்னார். "நேரத்தோட வந்திருந்தா வெட்டி ஏதும் செய்து பாத்திருக்கலாம். இப்ப நோவைக் குறைக்கத்தான் ஏலும்."

ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்துவருவதாக எமிலி நேர்ந்திருந்தார். ஆடி முடியும் முன்பே இறந்துபோனார்.

3. அந்தோனி வந்த நாள்

எமிலியின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை கழிந்த பிறகு ஒரு காலை அந்தோனி ஆய்வுகூடத்துக்கு வந்தார். கையில் ஒரு பை முருங்கை இலை.

"அவ தாறவ. நிப்பாட்ட மனம் வரேல்லை" என்றார்.

கதிரையைப் போட்டேன். பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"மிஸ், எங்கட தம்ளர் சின்னன். அதால அளவு காணாமப் போச்சோ? இன்னும் கூடக் குடுத்திருக்கவேணுமோ?"

அந்த மனிதர் ஒரு மாதமாக இதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்லை அண்ணை. எவ்வளவு குடுத்திருந்தாலும் மாறியிராது. அது சாப்பாடு, மருந்தில்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்" என்றேன்.

அவர் எழுந்து சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பையை அங்கேயே விட்டுப் போயிருந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அந்த இலையையும் காயவைத்து அரைத்தேன். மாதிரி எண் போட்டுக் கொப்பியில் பதிந்தேன். பெறுபேறு நன்றாகவே வந்தது. அறிக்கையும் போனது, அலுவலருக்குப் பாராட்டும் வந்தது. எமிலியைப் பற்றி எழுத அதில் இடமில்லை. எழுதவேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஆய்வுகூடங்களில்தான் வேலை செய்தேன். என் கை பிழைத்ததில்லை, என் இலக்கங்களை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தத் தொழில் சுத்தம் எனக்கு ஒரு நாளும் ஆறுதல் தரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் சாறு எதற்கு நல்லது என்று யாராவது கேட்டால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "ஆருக்கு, என்ன வருத்தம்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு அரை நிமிடம் போகும். அன்று நான் கேட்டிருந்தால் எமிலி சொல்லியிருப்பார். சொல்வதற்காகத்தான் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.